கம்பம் பெரியப்பா மாடியில், பெட்டி எங்கள் கூடத்தில்

எங்கள் வீட்டு டிவிப் பெட்டி சூடேறினால் பல்லி வறுபடும் நாற்றம் அடிக்கும். பின்பக்கத்து அட்டையிலிருந்த ஓட்டைகள் வழியாக உள்ளே போய்க் குடித்தனம் நடத்திய பல்லிகளில் ஏதோ ஒன்று, ஏதோ ஒரு பாட்டுக்கு நடுவில் உயிரை விட்டிருக்க வேண்டும். அதன்பிறகு எத்தனை தடவை தட்டித் துடைத்தாலும், போட்ட ஐந்தாவது நிமிடம் நாற்றமும் பத்தாவது நிமிடம் யாராவது ஒருவருடைய முகமும் வரும். முகம் சில நாள் வராது. நாற்றம் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டி, மரக்கூடு, நான்கு கால், முன்னால் இழுத்துச் சாத்துகிற மடிப்புக் கதவு. பழைய டிவியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கைவிட்டுப் போன காதலியை நினைத்துக்கொள்வது மாதிரி உருகுகிறார்கள். எனக்கு அந்த உருக்கமெல்லாம் கிடையாது. அது எங்கள் குடும்பத்தைக் கெடுத்த பெட்டி. கெடுத்ததில் பெட்டியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே சொன்னால் இதை யாரும் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இருப்பவை எல்லாம் ரயில் பெட்டி மாதிரி நீண்ட வீடுகள். தாத்தா கட்டியதும் அப்படித்தான். அவர் போன பிறகு அப்பாவும் பெரியப்பாவும் நடுவே ஒரு சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். மாடி எடுத்திருந்த கிழக்குப் பாதி மூத்தவருக்கு. ஓடு வேய்ந்த மேற்குப் பாதியும் அதிலிருந்த தறிக்குழியும் இளையவருக்கு. ஒரு சத்தமில்லாமல் நடந்த பாகப்பிரிவினை என்று தெருவே மெச்சிக்கொண்டது. வீடுதான் பிரிந்தது, வேலை பிரியவில்லை, பிரியவும் முடியாது. அண்ணன் தம்பி இருவரும் நெய்தது கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் பல்லோடு பல்லாகக் கோத்துக்கொண்டே வர வேண்டும். குழியில் உட்கார்ந்து உடம்புக்கு, ஊடை நூல் வைத்த நாடாவை எறிய ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிய ஒருவர். ஒண்டி ஆளாக அதை நெய்ய முடியாது. அதனால் பெரியப்பா தினமும் விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அண்ணன் நடுவில், தம்பி பக்கத்தில். "இந்தாடா", "வுடுடா", "இருடா" என்று மூன்றே வார்த்தையில் ஒரு முழுச் சேலையை முடித்துவிடுவார்கள்.

அந்த நிலையில்தான் அப்பா டிவி வாங்கினார்.

சென்னையிலிருந்து கிளம்புகிற படம் எங்கள் ஊர் வந்து சேருவதற்குள், மாமியார் வீட்டுக்கு வெயிலில் நடந்தே வந்த மாப்பிள்ளை மாதிரி முகம் கறுத்துக் களைத்துப்போயிருக்கும். அதைப் பிடிக்க உயரமான கம்பம் வேண்டும். ஓட்டின்மேல் கம்பம் நட்டால் ஓடு நொறுங்கும். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் ஒரு மெக்கானிக் வந்தார். மீன் முள் மாதிரி இருந்த அலுமினிய ஆன்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறவரைப் போலக் கண்ணை இடுக்கியபடி எங்கள் பின்கட்டு, கொல்லை, தெரு என்று சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியின் ஈசானிய மூலையில் போய் நின்று, "இங்கதாம்பா படம் எறங்குது" என்று அறிவித்தார். ஊரில் இருக்கிற வானமெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம். அதிலும் பங்கு பிரித்திருக்கிறார்கள் என்றும், நல்ல பங்கு பெரியப்பாவுக்குப் போய்விட்டது என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியப்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். இரட்டைக் குழாய்க் கம்பம் அவர் மாடியில் நின்றது. அதன் அடியிலிருந்து கிளம்பிய "பட்டை ஒயர்", கைப்பிடிச் சுவரில் தொங்கி, எங்கள் ஓட்டின்மேல் ஊர்ந்து, ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் இறங்கி, பெட்டியின் முதுகிலிருந்த இரண்டு ஸ்க்ரூவில் வந்து முடிந்தது. கம்பம் நிற்கிற மாடி அவர்களுடையது, பெட்டி எங்களுடையது. சேர்ந்து அனுபவிக்கலாம் என்று ஆண்கள் இருவரும் நினைத்தார்கள். அவர்களுக்குத் தறியைப் பற்றித் தெரிந்த அளவுக்குப் பெண்டாட்டிகளைப் பற்றித் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்தரைக்குப் படம். பாதித் தெரு எங்கள் கூடத்தில் இருக்கும். பெரியம்மாவுக்கு முதல் வரிசையில், பெட்டிக்கு நேர் எதிரே தனிப் பாய். "கம்பம் எங்க தலைமேல நிக்குது, நான் எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியாதா?" என்பது அவர் வாதம். பெரியம்மா முசரவாக்கத்துக்காரர், நல்ல உயரம், அதற்குமேல் ஒரு கொண்டை. மூன்று வாரம் அந்தக் கொண்டையையே படமாகப் பார்த்துச் சலித்துப்போன என் அம்மா, நான்காவது வாரம், "அக்கா, அந்தக் கொண்டையைக் கொஞ்சம் சாச்சுக்கினா மீதிப் பேருக்கும் ஏதாச்சும் தெரியும்மா" என்று சொல்லிவிட்டார். அக்காவில் தொடங்கி, சின்னவளிடம் சொல்வது மாதிரி முடித்த அந்த "மா"தான் வினை. பெரியம்மா எழுந்தார், பாயைச் சுருட்டினார், போனார். சற்று நேரத்தில் கதாநாயகி நடுவெயிலில் ஆடிக்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று குறுக்கும் நெடுக்குமாக மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பத்தில் மீன் முள்ளை மூடிக்கொண்டு பெரியம்மாவின் ஈரச் சேலை சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க மாடி, எங்க சேலை. நான் காய வெச்சுக்கினு இருக்கேன். போய் உங்கம்மாகிட்ட சொல்லு."

பெரியப்பா தலையிட்டுச் சேலையை எடுக்கச் செய்தார். பெரியம்மா அவருக்குக் கட்டுப்பட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, கட்டுப்படாமல் இருப்பதற்கு வேறொரு வழி கண்டுபிடித்தார். யாராலும் குறை சொல்ல முடியாத வழி. சரியாக ஐந்தரைக்கு, கம்பத்தடியில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு கவளம் நெய்ச்சோறு வைத்து, "கா கா, மாமா வாங்க, அத்தை வாங்க" என்று காக்காய்களைக் கூப்பிட ஆரம்பித்தார். காக்காய்க்குச் சோறு வைப்பது முன்னோருக்குச் செய்கிற மரியாதை. வேண்டாம் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வந்த முன்னோர்கள் சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் மீன் முள்ளின்மேல் வரிசையாக உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு தீட்டலுக்கும் எங்கள் பெட்டியில் வில்லனுக்குக் கழுத்து ஒரு முழம் நீண்டு சுருங்கியது.

அப்பா தெருவில் இறங்கி நின்று கத்தினார். "அண்ணி! காக்காயை ஓட்டுங்க அண்ணி!"

"யாரை ஓட்டச் சொல்றீங்க? உங்கப்பாதான் வந்து உக்காந்துக்கினு இருக்காரு. பெத்தவரை எழுப்பி வுடச் சொல்றீங்களா? வாய் கூசல?"

கூடத்திலிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதன்பிறகு படம் மங்கினால், "உங்க தாத்தா உக்காந்துட்டாரு போல" என்பதும், தெளிந்தால் "கெளம்பிட்டாருப்பா" என்பதும் தெருவில் பழக்கமாகிவிட்டது. எனக்கும் ஆனந்தம்தான். ஆனால் அப்பாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது ஞாயிறு, கதாநாயகியின் கழுத்தில் யார் தாலி கட்டுகிறார்கள் என்பதே தெரியாத அளவுக்குக் கம்பம் ஆடியதும், அப்பா ஏணி போட்டு ஏறி, ஒரு உடைந்த ஓட்டுச் சில்லை எடுத்து வீசினார். வாழ்நாளில் குறி பார்த்து எதையும் அடித்திராத மனிதர். அன்று பட்டுவிட்டது. ஒரு காக்காய் ஒருக்களித்துப் பறந்து போயிற்று.

"ஐயையோ, மாமனாரைக் கல்லால அடிச்சிட்டாருடீ!" என்று பெரியம்மா போட்ட சத்தம் சன்னதித் தெரு வரை கேட்டிருக்கும்.

அதுவரைக்கும் பெரியப்பா இதைப் பெண்கள் விவகாரம் என்றே விட்டிருந்தார். அன்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் எழுந்து வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தப் பக்கம் பட்டுது?"

"இடது ரெக்கையில" என்றார் பெரியம்மா.

தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் இடது கைதான் விழுந்துபோயிருந்தது. பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார். மறுநாள் தறியில் "இந்தாடா" இல்லை, "வுடுடா" இல்லை. "இருடா" மட்டும் ஒரு தடவை வந்தது. அது மிரட்டல் மாதிரி இருந்தது.

இந்த இடத்தில்தான் அடியேன் மேடை ஏறுகிறேன். வயது பத்து. எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுசாகச் செய்துவிடுகிற வயது. எல்லா உலோகத்திலும் வெள்ளிதான் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று அந்த வாரம் அறிவியல் வாத்தியார் சொல்லிவிட்டார். வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டார்கள், நான் வீட்டை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கா பஞ்சம்? சரிகை என்பது என்ன? பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டை இழையாகச் சுற்றித் தங்க முலாம் கொடுத்தது. வெள்ளியே நன்றாகக் கடத்தும் என்றால், தங்கமும் சேர்ந்த வெள்ளி எப்படிக் கடத்தும்! பட்டை ஒயருக்கு நடுவில் ஒரு முழம் சரிகையைச் சேர்த்துவிட்டால், காக்காய் இல்லை, கருடனே வந்து உட்கார்ந்தாலும் படம் அசையாது. அப்பாவுக்குப் படம் கிடைக்கும், பெரியம்மாவின் காக்காய்க்கு வேலை போய்விடும், சண்டை தீர்ந்துவிடும். சமாதானத்துக்காகச் செய்த காரியம் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நெசவாளி வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டுகிற பாடம், சரிகையில் கை வைக்காதே என்பது. சாமி உண்டியலில் கை வைத்தாலும் மன்னிப்பு உண்டு, சரிகைக் கட்டையில் கை வைத்தவனுக்குக் கிடையாது. அந்தக் கட்டையிலிருந்துதான் இரண்டு முழம் இழுத்து நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு வீடும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், பெரியப்பா வீட்டு மாடிப்படி ஏறினேன். பிள்ளைகளுக்கு எந்த எல்லையும் கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள். பென்சில் சீவுகிற பிளேடால் பட்டை ஒயரை நடுவில் அறுத்தேன். அதில் இரண்டு செம்புக் கம்பி. இந்தப் பக்கத்து இரண்டுக்கும் அந்தப் பக்கத்து இரண்டுக்கும் நடுவே சரிகையைக் கொடுத்து, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை அறுந்தால் போடுவோமே, அதே முடிச்சைப் போட்டேன். கை ஓடுவதே தெரியாமல் முடிச்சுப் போடுவதில் எங்கள் தெருவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. நான்கு முடிச்சு, கடுகளவு. சரிகை பளபளவென்று மின்னியது. முடிச்சுப் போட்டால் எதுவும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது எல்லாம் ஓடும் என்பதுதான் எங்கள் பரம்பரைக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

ஐந்தரைக்கு அப்பா பெட்டியைப் போட்டார். பல்லி வந்தது. முகம் வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். கொசுக்கூட்டம் மாதிரி வெள்ளைப் புள்ளிகளும், அப்பளம் பொரிகிற சத்தமும்தான். காக்காய் உட்கார்ந்தால்கூடக் கழுத்து நீண்ட ஒரு வில்லனாவது வருவான். இதில் ஒன்றுமே இல்லை. தாத்தா இந்தத் தடவை மொத்தக் குடும்பத்தோடு வந்திருக்கிறார் போல என்று யாரோ சொல்ல, அப்பாவுக்கு முகம் சிவந்தது. "டேய் பாபு, மேல போய் என்னான்னு பாரு."

என்ன என்பது எனக்குத்தான் தெரியுமே. ஓடினேன். முதலில் சரிகையை அகற்ற வேண்டும். படம் போனதற்கு விழுகிற அடியை முதுகு தாங்கும், சரிகை திருடியதற்கு விழுகிற அடியைத் தாங்காது. நான்கு முடிச்சையும் பற்களால் கடித்து இழுத்துப் பைக்குள் திணித்தேன். செம்புக் கம்பிகளை மறுபடி முறுக்கலாம் என்று குனிந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூலையிலிருந்த விறகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினேன்.

வந்தவர் பெரியப்பா. கையில் தறியில் இழை நறுக்குகிற கத்திரிக்கோல். ஒரு வாரமாக மனதுக்குள் சாணை பிடித்து வைத்திருந்த கோபத்தோடு, நேராகக் கம்பத்தடிக்கு வந்து குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஒயர் ஏற்கெனவே இரண்டாகக் கிடந்தது. கத்திரிக்கோலைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். மறுபடி கத்திரிக்கோலைப் பார்த்தார். ஒரு முனையை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டுப் பக்கத்திலிருந்து ஏணி வழியாக அப்பாவின் தலை முளைத்தது. அவருக்குப் பின்னால் படம் பார்க்க வந்திருந்த மூன்று தலைகள்.

ஒரு கையில் கத்திரி, இன்னொரு கையில் அறுந்த ஒயர். இதற்குமேல் சாட்சி எதற்கு?

"வெட்டிட்டியா?" என்றார் அப்பா. அண்ணனை அவர் ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா என்ன சொல்வார்? வெட்டத்தான் வந்தேன், ஆனால் வெட்டவில்லை என்றா? ஒயரைக் கீழே போட்டுவிட்டு, "நல்லா செஞ்சடா, சின்னவனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. செய்ததையும் செய்துவிட்டு நக்கல் வேறு பேசுகிறான் என்று அப்பா எடுத்துக்கொண்டார். விறகுக்குப் பின்னால் ஒருவன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எவரும் பார்க்கவில்லை.

நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சரிகையைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. அப்புறம் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்: பெரியப்பா எப்படியும் வெட்டத்தானே வந்தார்? அரை நாள் முன்னால் நான் வெட்டிவிட்டேன், அவ்வளவுதானே? இந்தச் சமாதானத்தை அரைத்து அரைத்தே முப்பத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். வேறு எந்த அரிசியும் இத்தனை நாள் மாவு கொடுக்காது.

அடுத்த நாள் விடிந்ததும் பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். வந்துதான் ஆக வேண்டும். ஒரு பாவில் மூன்று சேலை. ஒன்று முடிந்திருந்தது, இரண்டு பாக்கி. பாதிப் பாவை யாரும் அறுத்துப் போட மாட்டார்கள். அண்ணன் நடுவில், தம்பி பக்கத்தில், முழங்கை உரசுகிற தூரத்தில். இருவருக்கும் நடுவே பேச்சு வார்த்தைக்கு நியமிக்கப்பட்டவன் நான்.

"பாபு, அந்தாளை நாடாவைப் பார்த்து எறியச் சொல்லு" என்பார் அப்பா.

"பாபு, எறிஞ்சாச்சு, கண்ணு இருந்தா பார்த்துக்கச் சொல்லு."

"பாபு, கண்ணு இருக்கறதாலதான் இன்னிக்கு இந்த நெலமைன்னு சொல்லு."

ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்காதா என்ன? கேட்கும். ஆனாலும் நான் எழுந்து நின்று ஒருமுறை சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். அலுப்புத் தட்டிய நாட்களில், யாரும் சொல்லாத ஒன்றிரண்டு வசவுகளை என் கைச்சரக்காகச் சேர்த்ததும் உண்டு. வெட்கக்கேடுதான்; அப்போது தமாஷாக இருந்தது. தமாஷாக இல்லாமல் போனது எப்போது என்றால், அந்த இரண்டு சேலைகளையும் அறுத்துக் கீழே இறக்கியபோது. கரையும் உடம்பும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினால் தட்டுப்படவில்லை. அப்படி ஒரு சுத்தம். எதிராளி ஒரு குறை கண்டுபிடித்துவிடக் கூடாது என்கிற வன்மத்தில் இருவரும் நெய்த கோர்வை அது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அண்ணன் இல்லை. பாவு முடிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அதோடு முடிந்தது. பெரியப்பா வேறொரு வீட்டுத் தறிக்குப் போனார். அப்பாவுக்குப் பக்கத்தில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கம்பத்தைப் பிடுங்கிப் பெரியம்மா எங்கள் வாசலில் போட்டார். அதைக் கொல்லை முருங்கை மரத்தில் கட்டிப் பார்த்தோம். முருங்கைக்குத் தன் காயையே தாங்கத் தெம்பில்லை. காற்றடித்த நாட்களில் கதாநாயகனுக்கு இரண்டு தலையும் கதாநாயகிக்கு மூன்று கையுமாக, கோயில் சிற்பம் மாதிரி படம் பார்த்தோம். பிறகு தெருவுக்குக் கேபிள் வந்தது, கம்பத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. சண்டைக்கு மட்டும் வேலை போகவில்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில் அப்பா வேற்றாள் மாதிரி கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தார். பெரியம்மா போனபோது அப்பா போய் நின்றார், பேசவில்லை. அம்மா போனபோது பெரியப்பா வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார், பேசவில்லை. இரண்டு தடவையும் உண்மை என் தொண்டைவரை வந்து, சுடுகாட்டில் பேசுகிற பேச்சா இது என்று திரும்பி உள்ளே போய்விட்டது. என் தைரியம் எப்போதுமே நல்ல இடம் பார்த்துத்தான் நழுவும்.

போன போகிக்குப் பரண் ஒழித்தபோது அந்தப் பெட்டி கீழே வந்தது. கல்லூரியில் படிக்கிற என் மகளுக்கு அதைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. குப்பையில் போடக் கூடாது, ஓட வைத்தே தீருவேன் என்று நின்றாள். இவளும் எதையும் முழுசாகச் செய்கிறவள்தான், ஆனால் என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்துகொள்கிறவள் இல்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து உள்ளே செத்துப்போயிருந்த சாமான்களை மாற்றினாள். அந்தக் காலத்துப் படம் இப்போது காற்றில் வருவதில்லை, இந்தக் காலத்துப் படம் அந்தப் பெட்டிக்குப் புரிவதில்லை. ஆகவே இன்றைய படத்தைப் பெட்டிக்குத் தெரிந்த பாஷையில் மாற்றிக் கொடுக்கிற ஒரு குட்டி டப்பாவைத் தபாலில் தருவித்தாள். எல்லாம் தயாரான பிறகு பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பாவிடம் கேட்டாள்.

"தாத்தா, இங்க ரெண்டு ஸ்க்ரூ இருக்குதே, இதோட ஒயர் எங்க?"

"அதை உன் பெரிய தாத்தனைக் கேளு. அவன்தான் வெட்டினான்."

அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. காலையில் போட்ட மாத்திரை மறந்துபோகும், இது மறக்கவில்லை. அடுப்பில் இருக்கிற பாலைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எனக்குச் சுருக்கென்றது. மகளுக்கும் இதையே கொடுத்துவிட்டுப் போகப்போகிறார், அவளும் அதை நம்பிக்கொண்டே அடுத்த வாசலைத் தாண்டிப் போகப்போகிறாள்.

"அப்பா, அதை வெட்டினது பெரியப்பா இல்ல. நான்."

பேப்பர் இறங்கியது. "எப்போ?"

"மத்தியானமே. பிளேடால. சரிகை வெச்சு முடிச்சுப் போட்டா படம் நல்லா வரும்னு..."

"சரிகையையா?" ஒயருக்கு அசையாத புருவம் சரிகைக்கு ஏறியது. நாற்பத்தாறு வயதில் ஓர் அடி விழும் என்று எதிர்பார்த்து நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடி விழவில்லை. அப்பா பேப்பரை மறுபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவன் வெட்டலைன்னா என்ன? வெட்டறவன்தான் அவன்."

அவ்வளவுதான். முப்பத்தாறு வருடமாக நான் சுமந்த மூட்டையை இறக்கினால், உள்ளே என்ன என்றுகூடப் பார்க்காமல் காலால் தள்ளிவிட்டார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒரு சொட்டுக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

பெரியப்பாவுக்கு எண்பத்தொன்று. கட்டிலில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: பிளேடு, சரிகை, விறகுக் குவியல். முடிந்ததும், "உங்கப்பன்கிட்ட சொன்னியா? என்ன சொன்னான்?" என்றார்.

பழைய பழக்கத்தில் இரண்டு வார்த்தையை வெட்டி, நான்கு வார்த்தை ஒட்டிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்பா அழுதார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். "நீங்க வெட்டலைன்னா என்ன, வெட்டறவர்தான்னு சொன்னாரு."

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரியாத்தான் சொல்லிக்கினு இருக்கான். கத்திரியோட போனவன்தானே நான்." பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. ஏதோ ஒன்று இப்போதுதான் உறைத்த மாதிரி என்னை உற்றுப் பார்த்தார். "அப்போ அவன் வெட்டலையா?"

"யாரு?"

"உங்கப்பன்டா! நான் கத்திரியோட வருவேன்னு தெரிஞ்சு, எனக்கு முந்தி தானே வெட்டிப் போட்டுட்டு, ஊரைக் கூட்டிக்கினு வந்து என்னை மாட்டி வுட்டான்னு இல்ல நெனச்சேன்! என்னா மூளை, என்னா மூளைன்னு இத்தினி வருசம் உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கினு இருந்தேனே! அந்த மூளைக்காகத்தான்டா அவன்கூடப் பேசல. இப்ப வந்து அந்த மூளையே கிடையாதுன்றியா?"

"கிடையாது பெரியப்பா."

"எடு அந்தக் கைத்தடியை."

தடியை எடுத்துக் கொடுத்தேன், எனக்குத்தான் விழப்போகிறது என்ற நினைப்பில் தள்ளி நின்றே. அவர் அதை ஊன்றி எழுந்து, என்னைத் தாண்டி, தன் வாசலில் இறங்கி, பத்து அடி நடந்து, எங்கள் வாசற்படியில் ஏறி நின்றார். பாவு முடிந்த நாளிலிருந்து அந்தப் படியில் அவர் கால் பட்டது அம்மா போன அன்று மட்டும்தான். உள்ளே பேப்பருக்குப் பின்னால் இருந்த தம்பியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"டேய் சின்னவனே! அவ்ளோ மூளை உனக்குக் கெடையாதுன்னு எனக்கு அப்பவே தோணாம போச்சேடா!"

என் வழியாக வராமல் நேராகப் போய்ச் சேர்ந்த பேச்சு. அப்பா பேப்பரை மடித்தார். இரண்டாக, நான்காக, பொறுமையாக மடித்தார். "வெட்டறதுக்குப் போய், வெட்டக்கூடத் துப்பில்லாம கத்திரியத் தூக்கிக்கினு நின்னவன் வந்து என் மூளையைப் பேசறியா?"

"காக்காயைக் கல்லால அடிச்சவன்டா நீ!"

"காக்காயைக் கூட்டியாந்து கம்பத்துல உக்கார வெச்சது எவன் பொண்டாட்டி?"

நான் தெருவில் நின்றேன். மூன்று வீடு தள்ளி இரண்டு பேர் வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார்கள். மேலே பார்த்தால் தெரு முழுக்க ஒரு மீன் முள் இல்லை, ஒரு பட்டை ஒயர் இல்லை. எங்கள் ஓடு போய்க் கான்கிரீட் வந்து பல வருடமாகிறது, அந்த ஈசானிய மூலையில் இப்போது பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. படத்துக்காக ஒருவர் மாடியை இன்னொருவர் கேட்டு நிற்க வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை. அவரவர் கையில் அவரவர் படம். கூடத்தில் என் மகள் எங்கிருந்தோ ஒரு துண்டு ஒயரைப் பிடித்து அந்த இரண்டு ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டிருந்தாள் போலிருக்கிறது. பெட்டியில் ஒரு புள்ளிகூட இல்லாமல் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆளில்லை. கிழவர்கள் இருவரும் தாத்தாவின் இடது கையிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். இடையில் புகுந்து, "பெரியப்பா, அப்பா என்ன சொல்ல வர்றாருன்னா..." என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, "நீ மூடுடா!" என்றார்கள்.

மூடிக்கொண்டேன். மூச்சு வாங்கியது பெரியப்பாவுக்கு. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வசவைத் தேடினார். அப்பா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"டேய், உள்ளேர்ந்து இன்னொரு சேர் எடுத்தாந்து போடு. நின்னுக்கினே எவ்ளோ நேரம் திட்டுவாரு மனுசன்."